பல மாறி கால்குலஸ் தேர்வுக்கு மூன்று வாரத்தில் தயாராவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் சொல்லிக்கொடுத்த ஜூனியர்களில் இந்தத் தாளில் அரியர் வைத்த பலருக்கும் இன்டக்ரேட் செய்ய நன்றாகவே வந்தது. கணக்கு தப்பானது முதல் இரண்டு வரியில்: லிமிட் போட்ட இடத்தில், அல்லது எந்த மாறியை நிலையாக வைத்தோம் என்று மறந்த இடத்தில். அதற்குப் பிறகு இரண்டு பக்கம் அழகாகப் போட்டது எல்லாம் வீண். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் போனது. அதனால் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வரியைச் சரியாக எழுதப் பழகுவது பற்றித்தான்.

உதாரணத்துக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரில் வரும் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' தாளை எடுத்துக்கொள்கிறேன். ஐந்து யூனிட்டில் மூன்றாவது பார்ஷியல் டிஃபரன்ஷியேஷன், ஐந்தாவது மல்டிபிள் இன்டக்ரல். வேறு பல்கலைக்கழகம் என்றால் யூனிட் எண் மாறும், வெக்டர் கால்குலஸ் கூடச் சேர்ந்து வரலாம், ஆனால் படிக்க வேண்டிய வரிசை ஏறக்குறைய இதேதான்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய கேள்வித்தாள் குறைந்தது ஐந்து. பாடப்புத்தகத்துக்கு முன்பே இதைப் பாருங்கள். பார்ட் ஏ-வில் 10 கேள்வி, ஒவ்வொன்றும் 2 மார்க். பார்ட் பி-யில் 5 கேள்வி, ஒவ்வொன்றும் 16 மார்க். அப்படியென்றால் ஒரு யூனிட்டுக்கு 20 மார்க், பல மாறி யூனிட் இரண்டுக்கும் சேர்த்து 40. எந்தத் தலைப்பு 16 மார்க்கில் வருகிறது, எது 2 மார்க்கோடு நின்றுவிடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால், எதற்கு எத்தனை நாள் என்ற சண்டையே வராது.

கோடு போடாத வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான். இது எதற்கு என்று ஐந்தாவது பகுதியில் தெரியும். அப்புறம் தேர்வுக்கு எடுத்துப்போகப் போகிற அதே கால்குலேட்டர். வீட்டில் ஒன்று, ஹாலில் நண்பனிடம் கடன் வாங்கியது ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

தப்பு நோட்டு ஒன்று. ஒவ்வொரு தப்பான கணக்குக்கும் ஒரே ஒரு வரி போதும்: 'ஆர் போட மறந்தேன்', 'மூடி இல்லாத பெட்டிக்கு மூடி போட்டேன்'. முழுக் கணக்கையும் இதில் திரும்ப எழுதாதீர்கள், அப்படி எழுதினால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பகுதி வகைக்கெழு, ஆய்லர் தேற்றம் எல்லாம் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கிலேயே எட்டாவது பாடத்தில் வந்தவைதான், புதிதாக ஒன்றுமில்லை. இடறுவது கேள்வியின் மொழியில். 'பவுண்டட் பை', 'ஃபர்ஸ்ட் ஆக்டன்ட்', 'ஸ்டேஷனரி பாயின்ட்', 'காமன் டு' என்று கேள்வியில் வரும் சொற்களைப் பழைய தாள்களிலிருந்து பொறுக்கி எடுத்து, எதிரே தமிழில் அர்த்தம் எழுதி வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.

2. முதல் மூன்று நாள்: ஒரு மாறி ஓட்டைகளை அடையுங்கள்

இரட்டை இன்டக்ரல் என்பது ஒற்றை இன்டக்ரலை இரண்டு தடவை போடுவது. ஒற்றையில் ஓட்டை இருந்தால் அது இரட்டையில்தான் ஒழுகும், அதுவும் 16 மார்க் கேள்வியில்.

எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டாம். பூஜ்யத்திலிருந்து பை/2 வரை சைன், காஸ் அடுக்குகளுக்கான சுருக்க வாய்பாடு (சைன்⁴ என்றால் 3/4 × 1/2 × பை/2, அதாவது 3பை/16), ஏ² − எக்ஸ்² இன் வர்க்கமூலத்தை இன்டக்ரேட் செய்வது, பை பார்ட்ஸ், எளிய சப்ஸ்டிட்யூஷன். இவ்வளவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்து கணக்கு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு. மூன்று தப்பினால் அடுத்த நாளும் அதையே போடுங்கள்.

3. பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது

பார்ஷியல் டெரிவேட்டிவ், ஆய்லர் தேற்றம், டோட்டல் டெரிவேட்டிவ், ஜாக்கோபியன் (மாறிகளை மாற்றும்போது வரும் பார்ஷியல் டெரிவேட்டிவ்களின் டிடர்மினன்ட்), டெய்லர் தொடர், மேக்சிமா மினிமா, லக்ராஞ்ச் (ஒரு நிபந்தனையோடு பெருமம், சிறுமம் காணும் முறை). இதற்குப் பிறகு இரட்டை இன்டக்ரல், வரிசை மாற்றம், போலார் (எக்ஸ், ஒய்-க்குப் பதில் ஆர், தீட்டா), கடைசியில் மூன்று இன்டக்ரல், அதாவது ட்ரிபிள் இன்டக்ரல்.

ஜாக்கோபியனை 'ஒரு டிடர்மினன்ட் தானே, கடைசியில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைப்பவர்கள் நிறைய. தள்ளாதீர்கள். போலாரில் ஏன் ஒரு 'ஆர்' கூடுதலாக வருகிறது, கோளத்தில் ஏன் ரோ² சைன் ஃபை வருகிறது என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை உங்கள் கையால் அந்த டிடர்மினன்டைப் போட்டு 'ஆர்' விழுவதைப் பார்த்துவிட்டால், ஐந்தாம் யூனிட்டில் அதை மறப்பது கஷ்டம்.

4. மூன்றாம் யூனிட்: எங்கே மார்க் போகிறது

பார்ஷியல் டெரிவேட்டிவ் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை. எந்த மாறி நிலையாக நிற்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத் தொடங்குங்கள், போதும்.

ஆய்லர் தேற்றம் சொல்வது: சார்பு சமபடித்தானது (ஹோமோஜீனியஸ்), படி என் என்றால், எக்ஸ் பெருக்கல் எக்ஸ்-பார்ஷியலும் ஒய் பெருக்கல் ஒய்-பார்ஷியலும் சேர்ந்து என் மடங்கு சார்புக்குச் சமம். இதில் ஒரு பொறி உண்டு. யூ என்பது (எக்ஸ்³ + ஒய்³)/(எக்ஸ் − ஒய்) என்பதன் டான் இன்வர்ஸ் என்று கொடுத்தால், யூ சமபடித்தானது இல்லை. டான் யூ தான் சமபடித்தானது, படி 2. தேற்றத்தை டான் யூ-வுக்குப் போட்டு, பிறகு செக்² யூ-வால் வகுத்தால் சைன் 2யூ வரும். நேராக யூ-வுக்கே போட்டு '2யூ' என்று முடிப்பவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அதனால் முதல் வரியிலேயே 'இந்தச் சார்பு சமபடித்தானது, படி இவ்வளவு' என்று எழுதும் பழக்கம் வேண்டும். எழுத முடியவில்லை என்றால் தேற்றத்தைத் தொடக்கூடாது.

டெய்லர் தொடரில் தப்புவது நடு உறுப்பின் கெழு. இரண்டாம் படியில் 1, 2, 1. மூன்றாம் படியில் 1, 3, 3, 1. ஈ-யின் அடுக்கு எக்ஸ், பெருக்கல் லாக் (1 + ஒய்), ஆதிப்புள்ளியில் விரி என்று வந்தால், வாய்பாட்டில் போட்டு முடித்தபின் இரண்டு ஒற்றை மாறித் தொடர்களையும் பெருக்கிப் பாருங்கள். ஒய் + எக்ஸ்ஒய் − ஒய்²/2 + எக்ஸ்²ஒய்/2 − எக்ஸ்ஒய்²/2 + ஒய்³/3 என்று இரண்டு வழியிலும் ஒன்றே வர வேண்டும். சரிபார்க்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

மேக்சிமா மினிமாவில் எல்லோரும் ஆர்டி − எஸ்² வாய்பாட்டை (ஆர், எஸ், டி என்பவை முறையே எக்ஸ்எக்ஸ், எக்ஸ்ஒய், ஒய்ஒய் இரண்டாம் பார்ஷியல் டெரிவேட்டிவ்கள்) மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், அதற்கு முன்னால் இருக்கும் படியில் விழுகிறார்கள். எக்ஸ்³ஒய்²(1 − எக்ஸ் − ஒய்) என்ற பழைய கணக்கை எடுங்கள். பார்ஷியல் டெரிவேட்டிவைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தியதும் எக்ஸ்²ஒய்² பொதுவாக வருகிறது என்று இரண்டு பக்கமும் வகுத்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். வகுத்த கையோடு எக்ஸ் = 0, ஒய் = 0 என்ற தீர்வுகளும் போய்விடும். வகுக்காமல் காரணிப்படுத்துங்கள். (1/2, 1/3) இல் பெருமம் 1/432 கிடைக்கும்; எக்ஸ் = 0, ஒய் = 0 புள்ளிகளில் ஆர்டி − எஸ்² பூஜ்யமாவதால் இந்தச் சோதனை முடிவு சொல்லாது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

லக்ராஞ்சில் கேள்வியைச் சார்பாக மாற்றுவதுதான் பாதி வேலை. மேல்பக்கம் திறந்த பெட்டி, கொள்ளளவு 32 கன செ.மீ., குறைந்த தகடு வேண்டும். சார்பு எக்ஸ்ஒய் + 2ஒய்இசட் + 2இசட்எக்ஸ், நிபந்தனை எக்ஸ்ஒய்இசட் = 32. எக்ஸ்ஒய்-க்கு முன்னால் 2 போட்டால் மூடியையும் சேர்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு சார்போடு லாம்டா பெருக்கல் நிபந்தனையைச் சேர்த்து, எக்ஸ், ஒய், இசட்டுக்குப் பார்ஷியல் டெரிவேட்டிவ் எடுத்துப் பூஜ்யமாக்குங்கள். வரும் மூன்று சமன்பாடுகளையும் முறையே எக்ஸ், ஒய், இசட்டால் பெருக்குங்கள். மூன்றிலும் லாம்டாவோடு சேர்ந்த பகுதி ஒன்றாகிவிடும், மீதியைச் சமப்படுத்தினால் எக்ஸ் = ஒய், எக்ஸ் = 2இசட் என்று தானாக விழும். விடை 4, 4, 2. லாம்டாவின் மதிப்பை யாரும் கேட்கவில்லை, அதைத் தேடிப் பத்து நிமிஷம் போக்காதீர்கள். தூரம் குறைவாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் தூரத்தை விட்டு அதன் வர்க்கத்தை எடுங்கள், வர்க்கமூலம் தொல்லை தராது.

5. ஐந்தாம் யூனிட்: படம் வரையாமல் லிமிட் எழுதாதீர்கள்

இந்தப் பகுதிக்கு ஆறு நாள் ஒதுக்குங்கள். மற்றதையெல்லாம் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பூஜ்யத்திலிருந்து 1 வரை வெளி இன்டக்ரல், எக்ஸ்²-லிருந்து 2 − எக்ஸ் வரை உள் இன்டக்ரல், உள்ளே எக்ஸ்ஒய், டிஒய் டிஎக்ஸ். வரிசையை மாற்றி மதிப்பைக் காண். பழைய தாள்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு இது. இதை மெதுவாகப் போவோம்.

முதலில் நான்கு லிமிட்டையும் நான்கு சமன்பாடாகக் கீழே கீழே எழுதுங்கள்: ஒய் = எக்ஸ்², ஒய் = 2 − எக்ஸ், எக்ஸ் = 0, எக்ஸ் = 1. இப்போது வெள்ளைத்தாளில் பரவளையம், கோடு, ஒய் அச்சு மூன்றையும் வரையுங்கள். பரவளையமும் கோடும் (1, 1) இல் வெட்டும், கோடு ஒய் அச்சை (0, 2) இல் தொடும். இந்த இரண்டு புள்ளியையும் படத்தில் எண்ணோடு குறியுங்கள், பிறகு லிமிட் எடுக்கப்போவது இங்கிருந்துதான்.

அடுத்து, கொடுத்த வரிசைக்கு ஒரு செங்குத்து ஸ்ட்ரிப் (பகுதிக்குள் ஒரு மெல்லிய பட்டை) வரையுங்கள். அதன் கால் பரவளையத்தில், தலை கோட்டில். கேள்வியில் கொடுத்ததும் இதுவேதான், ஆகவே நிழலிட்ட பகுதி சரி. இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிக் குதிப்பவர்கள் பரவளையத்துக்குக் கீழே, எக்ஸ் அச்சை ஒட்டிய பகுதியை நிழலிட்டுவிட்டு அதற்கு அழகாகக் கணக்குப் போடுவார்கள்.

இப்போது அதே பகுதியில் ஒரு கிடைமட்ட ஸ்ட்ரிப். இடது நுனி எப்போதும் ஒய் அச்சில். வலது நுனி? ஸ்ட்ரிப்பைக் கீழிருந்து மேலே நகர்த்திப் பாருங்கள், ஒரு ஸ்கேலை வைத்தே நகர்த்தலாம். ஒய் = 1 வரை வலது நுனி பரவளையத்தில் இருக்கிறது, அதைத் தாண்டியதும் கோட்டுக்குத் தாவுகிறது. நுனி ஒரு வளைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அங்கே பகுதியை இரண்டாக வெட்ட வேண்டும். கீழ்ப்பகுதிக்கு எக்ஸ் 0 முதல் ஒய்-யின் வர்க்கமூலம் வரை, ஒய் 0 முதல் 1 வரை. மேல்பகுதிக்கு எக்ஸ் 0 முதல் 2 − ஒய் வரை, ஒய் 1 முதல் 2 வரை.

முதலாவது 1/6, இரண்டாவது 5/24, கூட்டினால் 3/8. கொடுத்த வரிசையிலேயே நேராகப் போட்டாலும் 3/8 வரும், போட்டுப் பாருங்கள்.

இதில் நான் பார்த்த தப்புகள்: டிஒய் டிஎக்ஸை டிஎக்ஸ் டிஒய் என்று மாற்றிவிட்டு லிமிட்டை அப்படியே இடம் மாற்றி வைப்பது, வெட்டாமல் ஒரே இன்டக்ரலாக எழுதுவது, பகுதி ஒய் அச்சுக்கு வலப்புறம் மட்டும்தான் என்று மறந்து எக்ஸுக்கு மைனஸ் வர்க்கமூலத்தையும் சேர்ப்பது. முதல் தப்பைப் பிடிக்க எளிய வழி உண்டு. வெளி இன்டக்ரலின் லிமிட்டில் மாறி இருக்கவே கூடாது, எண்ணோ ஏ, பி மாதிரி மாறிலியோ மட்டும்தான். அங்கே எக்ஸோ ஒய்யோ தெரிந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

6. இன்டக்ரேட் செய்யாமலே இருபது கணக்கு

கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஜூனியர்களிடம் இதைச் செய்யச் சொன்ன பிறகுதான் மாற்றம் தெரிந்தது. பழைய தாள்களிலிருந்து இரட்டை இன்டக்ரல், ட்ரிபிள் இன்டக்ரல் என்று கலந்து இருபது கணக்குகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் படம், ஸ்ட்ரிப், லிமிட் போட்ட இன்டக்ரல், அதோடு நிறுத்துங்கள். ஒன்றுக்கு நான்கு நிமிஷம். ஒரே மாலையில் இருபதும் முடிந்துவிடும், முழுசாகப் போட்டால் மூன்று நாள் இழுக்கும். பலவீனம் முதல் வரியில் இருக்கும்போது, முழுக் கணக்காகப் போட்டால் நேரமெல்லாம் ஏற்கெனவே தெரிந்த இன்டக்ரேஷனுக்கே போகிறது.

முடித்ததும் தீர்வோடு லிமிட்டை மட்டும் ஒப்பிடுங்கள். தப்பான படங்களைக் கிழித்துப் போடாமல் அதன் மேலேயே சிவப்பில் திருத்துங்கள்.

7. போலாரும் மூன்று இன்டக்ரலும்

போலாருக்கு மாற்றும்போது மூன்று மாற வேண்டும்: சார்பு, டிஎக்ஸ் டிஒய், லிமிட். டிஎக்ஸ் டிஒய் என்பது ஆர் டிஆர் டிதீட்டா ஆகும். ஈ-யின் அடுக்கு −(எக்ஸ்² + ஒய்²) என்பதை முதல் கால்பகுதி (குவாட்ரன்ட்) முழுக்கப் போடும் கணக்கில் அந்த ஆர் இருப்பதால்தான் சப்ஸ்டிட்யூஷன் வேலை செய்து பை/4 வருகிறது. ஆர் இல்லாமல் எழுதிவிட்டால் இன்டக்ரல் நகரவே நகராது. போலாரில் சிக்கிக்கொண்டால் முதலில் ஆர் எங்கே என்று தேடுங்கள்.

லிமிட்டில் வரும் தப்பு இன்னும் நைசானது. ஒய் 0 முதல் ஏ வரை, எக்ஸ் ஒய்-யிலிருந்து ஏ வரை, உள்ளே எக்ஸ்/(எக்ஸ்² + ஒய்²). இதைப் பார்த்ததும் ஆர் 0 முதல் ஏ வரை என்று கை தானாக எழுதும். படம் வரைந்தால் அது வட்டம் இல்லை, முக்கோணம். வலது எல்லை எக்ஸ் = ஏ என்ற நேர்கோடு, அதாவது ஆர் காஸ் தீட்டா = ஏ. எனவே ஆர் 0 முதல் ஏ செக் தீட்டா வரை, தீட்டா 0 முதல் பை/4 வரை. விடை பை ஏ/4. ஏ வரை மட்டும் போட்டவருக்கு ஏ/√2 வரும், அதுவும் பார்க்கச் சுத்தமான விடை மாதிரியே இருப்பதால் சந்தேகமே வராது.

மூன்று இன்டக்ரலில் இசட்டை முதலில் முடித்து, மீதியை எக்ஸ்ஒய் தளத்தில் விழும் நிழலாகப் பாருங்கள். நிழல் கிடைத்துவிட்டால் மிச்சம் ஏற்கெனவே பழகிய இரட்டை இன்டக்ரல்தான். எக்ஸ்/ஏ + ஒய்/பி + இசட்/சி = 1 என்ற தளமும் மூன்று ஆயத்தளங்களும் சேர்ந்து அடைக்கும் நான்முகியின் கன அளவு ஏபிசி/6 என்பதை இந்த வழியில் ஒருமுறை கொண்டுவாருங்கள்.

கோளத்தில் எட்டால் பெருக்கும் பழக்கத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கன அளவுக்கு ஓர் எட்டில் ஒரு பங்கை எடுத்து 8 மடங்கு ஆக்குவது சரி. உள்ளே எக்ஸ்ஒய்இசட் இருக்கும்போது முழுக் கோளத்துக்கு விடை பூஜ்யம், ஏனென்றால் நேர்க்குறிப் பங்குகளும் எதிர்க்குறிப் பங்குகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் எட்டாம் பங்குக்கு மட்டும் கேட்டால், ஆரம் ஏ என்றால், ஏ⁶/48. கேள்வி எதைக் கேட்கிறது என்று அந்த 'ஆக்டன்ட்' சொல்லைத் தேடிப் பாருங்கள்.

8. விடையைச் சரிபார்க்கும் இரண்டு வழி

ஒன்று, அளவு மதிப்பீடு. மேலே போட்ட 3/8 கணக்கில் பகுதியின் பரப்பு 7/6, அந்தப் பகுதிக்குள் எக்ஸ்ஒய்-யின் அதிகபட்ச மதிப்பு 1. ஆக விடை 7/6-ஐத் தாண்ட முடியாது, எதிர்க்குறியாகவும் வர முடியாது. உங்களுக்கு 3 வந்திருந்தால் எங்கோ உதைக்கிறது.

இன்னொன்று கால்குலேட்டர். கேசியோ 991 எம்எஸ் மாதிரி கால்குலேட்டர்களில் ஒற்றை இன்டக்ரல் போடும் பொத்தான் இருக்கிறது. உள் இன்டக்ரலைக் கையால் முடித்து, வெளி இன்டக்ரலை அதில் போட்டு எண்ணை ஒப்பிடுங்கள். நம் கணக்கில் 0.375 காட்டும். திரிகோணச் சார்பு எதையும் போடுவதற்கு முன் ரேடியனுக்கு மாற்றுவது கட்டாயம். டான் இன்வர்ஸ் 1 என்று தட்டிப் பாருங்கள், 0.785 வந்தால் சரி, 45 வந்தால் டிகிரியில் இருக்கிறது. தேர்வுக் காலையில் இதைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

9. கடைசி வாரம்

இரண்டு முழுத் தாள், மூன்று மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. பார்ட் ஏ-வுக்கு 25 நிமிஷம், ஒவ்வொரு 16 மார்க்குக்கும் 28 நிமிஷம், மொத்தம் 165. மீதி 15 நிமிஷம் சரிபார்க்க. முதல் தாளில் நேரம் பத்தாது, அது பரவாயில்லை. எந்தக் கேள்வி 28-ஐத் தாண்டியது என்று குறித்துக்கொண்டு அந்த வகையை மறுநாள் போடுங்கள்.

தீர்வு போட்ட வீடியோக்களை இந்த வாரம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்தவர் போடுவதைப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், வெள்ளைத்தாளை எடுத்தால் பரவளையம் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே மறந்திருக்கும். தப்பு நோட்டையும் சிவப்பில் திருத்திய படங்களையும் புரட்டுங்கள்.

10. ஹாலுக்குள்

பார்ட் பி-யில் ஒவ்வொரு எண்ணிலும் 'அ அல்லது ஆ' என்று வரும். பல சமயம் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உட்பிரிவு இருக்கும், எட்டும் எட்டுமாக. 'அ'-விலிருந்து ஒன்று, 'ஆ'-விலிருந்து ஒன்று என்று தெரிந்ததை மட்டும் பொறுக்கி எழுதுவது கூடாது, ஒரே பக்கத்தின் இரண்டையும் எழுத வேண்டும். மாடல் எக்ஸாமில் இதைச் செய்துவிட்டு 8 மார்க்கை விட்டவர்களை எனக்குத் தெரியும். எழுதத் தொடங்குமுன் இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்து, ஒன்றைத் தேர்ந்து, மற்றதைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது உங்கள் இஷ்டம். மல்டிபிள் இன்டக்ரல் கேள்வியை மட்டும் கடைசிக்கு வைக்காதீர்கள், படம் வரையப் பொறுமை வேண்டும், கடைசி அரை மணியில் அது இருக்காது. படத்தை விடைத்தாளிலேயே, பென்சிலால், வெட்டுப்புள்ளிகளோடு வரையுங்கள். கணக்கு நடுவில் சிக்கினாலும் படமும் லிமிட்டும் சரியாக இருந்தால் திருத்துபவர் மார்க் போட அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. சிக்கிய இடத்தில் அரைப் பக்கம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள், கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்து முதலில் லிமிட்டைப் பாருங்கள், அப்புறம் ஆர்.